சிங்கப்பூர் – நியூயார்க்: கிலோமீட்டரை வகுத்தால் நேரம் வராது

ஜூரோங்வாசி கேட்டது – 2025 ஜனவரி 11

அண்ணே, ஒரு கணக்கு இடிக்கிறது. சாங்கியிலிருந்து நியூயார்க் ஜேஎஃப்கே 15,300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். விமானம் மணிக்கு 900 போகிறது. வகுத்தால் 17 மணி நேரம். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் டிக்கெட்டில் 18 மணி 40 நிமிடம் போட்டிருக்கிறார்கள், திரும்பி வர 18:50. மிச்ச நேரம் எங்கே? கூட்டிப் போட்டுவிட்டு 'முன்னதாகவே வந்துவிட்டோம்' என்று பேர் வாங்கிக்கொள்கிற வேலையா?

ஜனவரி 11, இரவு

பேர் வாங்குகிற வேலை கொஞ்சம் உண்டு, எல்லா நிறுவனமும் செய்வதுதான். ஆனால் அது கால் மணி, அரை மணி.

முதலில், டிக்கெட்டில் இருப்பது பறக்கிற நேரம் இல்லை. இங்கே கேட்டை விட்டு வண்டி பின்னால் நகர்ந்ததிலிருந்து அங்கே கேட்டில் போய் நிற்கிற வரைக்கும் உள்ள நேரம். ஜேஎஃப்கேயில் ராத்திரி கிளம்புகிற வண்டிக்கு முன்னால் எத்தனை வண்டி வரிசையில் நிற்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். ஓடுபாதையைத் தொடவே அரை மணி நேரம் ஊர்ந்து போயிருக்கிறேன்.

இரண்டாவது, அந்த 15,300 கிலோமீட்டரில் எந்த விமானமும் பறப்பதில்லை. அதை நாளை எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

ஜனவரி 12

அந்தத் தூரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க இணையதளம்கூட வேண்டாம், பென்சில் போதும்.

சாங்கியின் தீர்க்கரேகை கிழக்கே 104 பாகை. ஜேஎஃப்கே மேற்கே 73.8. கூட்டினால் 177.8. இது 180 ஆக இருந்தால் இரண்டு ஊரும் நேர் எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருக்கும், குறுக்கு வழி வட துருவத்தின் உச்சியைத் தாண்டிப் போகும். இரண்டு பாகைதான் குறைகிறது, அதனால் 180 என்றே வைத்துக்கொள்ளலாம். சாங்கி நிலநடுக்கோட்டுக்கு 1.4 பாகை வடக்கே. அங்கிருந்து துருவத்துக்கு 88.6. துருவத்திலிருந்து மறுபக்கம் இறங்கினால் நியூயார்க்கின் 40.6 வரைக்கும் 49.4. மொத்தம் 138 பாகை. ஒரு பாகைக்கு 60 கடல் மைல், ஆக 8,280. ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள், 15,335 வருகிறது.

தளத்துக்குத் தளம் 15,332, 15,349 என்று மாறுவது பூமியை எந்த வடிவ உருண்டையாக எடுத்துக்கொண்டார்கள் என்பதைப் பொறுத்தது. பத்து இருபது கிலோமீட்டருக்காகச் சண்டை போட வேண்டாம்.

இந்த வித்தை எல்லா ஊருக்கும் பலிக்காது. பெங்களூரு–சான் பிரான்சிஸ்கோவுக்கு இடைவெளி 160 பாகைதான், அதற்கு முழு சூத்திரம் போட வேண்டும் (14,000 வாக்கில் வரும்).

ஜனவரி 12, மாலை

ஆக, காகிதத்தில் குறுக்கு வழி என்பது சாங்கியில் கிளம்பி ஏறக்குறைய நேர் வடக்கே போய், துருவத்துக்கு 280 கிலோமீட்டர் பக்கத்தில் உரசிக்கொண்டு, கனடா வழியாக இறங்குவது. நிஜத்தில் வண்டி என்ன செய்கிறது? போகும்போது பெரும்பாலும் ஜப்பான் பக்கம் ஏறி வட பசிபிக்கைக் கடந்து அலாஸ்கா, கனடா. வரும்போது பல நாள் அட்லாண்டிக், ஐரோப்பா, துருக்கி, அப்புறம் ஆசியாவைக் குறுக்காக வெட்டி வங்காள விரிகுடா.

கவனித்தீர்களா, இரண்டு தடவையும் கிழக்கே பார்த்துத்தான் பறக்கிறது! போய் வந்தால் உலகத்தை ஒரு சுற்று வந்த மாதிரி. 'பிரதட்சிணம்' என்று எழுதப் போனேன், ஆனால் வட துருவம் இடது கைப் பக்கம் அல்லவா இருக்கிறது? அது அப்பிரதட்சிணம். தென் துருவத்தைச் சாமியாக வைத்துக்கொண்டால் சரியாக வரும்.

காரணம் காற்றுதான். வடக்கு அரைக்கோளத்தில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிற ஜெட் காற்று. குளிர்காலத்தில் ஜப்பானுக்குக் கிழக்கே மணிக்கு 200, 300 கிலோமீட்டர்கூடப் போகும். அதில் ஏறிக்கொண்டால் ஆயிரம் கிலோமீட்டர் கூடுதலாகச் சுற்றினாலும் லாபம்.

ஜனவரி 15

"விமானத்தின் வேகம் 900 என்றால் 900தானே, காற்று என்ன செய்யும்" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சாங்கியில் நகரும் நடைபாதையில் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்திருப்பீர்கள். உங்கள் நடை அதேதான், ஆனால் பக்கத்தில் தரையில் நடக்கிறவர் பின்தங்கிப் போவார். அந்த 900 காற்றுக்குள் நடக்கிற நடை. நியூயார்க்குக்கு எப்போது போய்ச் சேருவோம் என்பதைத் தீர்மானிப்பது தரையைப் பொறுத்த வேகம்.

எதிர் இருக்கையின் முதுகில் இருக்கிற திரையில் இதைப் பார்த்துக்கொண்டே போகலாம். நான் படம் பார்க்கிற ஆள் இல்லை, வரைபடத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவேன். கிளம்பி முதல் சில மணி நேரம், தென் சீனக் கடல் முழுக்க, 880, 900 என்று சோம்பலாக நிற்கும். ஜப்பானை நெருங்கும்போது 950, 1,020. அதைத் தாண்டியதும் ஒரு ஜனவரிப் பயணத்தில் 1,180 காட்டியது, வெளியே வெப்பநிலை மைனஸ் 57. பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு "ஒலியை விட வேகமா?" என்று கேட்டார். இல்லை. காற்றும் கூடவே ஓடுகிறது, காற்றுக்குள் வண்டி அதே பழைய வேகம்தான். அலாஸ்காப் பக்கம் திரும்பியதும் மறுபடி 900க்கு இறங்கிவிட்டது. அவருக்கு ஏமாற்றம், திரையை அணைத்துவிட்டுத் தூங்கிவிட்டார்.

ஜனவரி 16

காற்று விஷயத்தில் இரண்டு பழைய கதை.

1952 நவம்பரில் பான் அமெரிக்கன் நிறுவனம் டோக்கியோவிலிருந்து ஹொனலூலுவுக்குப் போன விமானத்தை வேண்டுமென்றே உயரத்தில் ஏற்றி இந்தக் காற்றில் விட்டது. 18 மணி நேரப் பயணம் பதினொன்றரை மணி நேரமாகச் சுருங்கியது.

2020 பிப்ரவரியில் அட்லாண்டிக்கில் கியாரா புயல் அடித்தபோது ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் 747 நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போனது. சாதாரணமாக ஆறு மணி நேரத்துக்கு மேல். தூரத்தில் ஒரு மீட்டர்கூடக் குறையவில்லை.

ஜனவரி 19

துருவம் வழியாகவே போனால் என்ன என்று மூன்று பேர் கேட்டாயிற்று.

போகலாம், தடையில்லை. ஆனால் அங்கே பின்னாலிருந்து தள்ள ஆளில்லை, ஜெட் காற்று அதற்குத் தெற்கே ஓடுகிறது. அடுத்தது, வழியில் எஞ்சின் கோளாறு என்றாலோ ஒரு பயணிக்கு நெஞ்சு வலி என்றாலோ இறங்க விமான நிலையம் வேண்டும். இரட்டை எஞ்சின் விமானம் இத்தனை நிமிடத்துக்குள் எட்டுகிற மாதிரி ஓர் ஓடுபாதையைக் கணக்கில் வைத்துத்தான் வழி போட வேண்டும் என்பது விதி. மூன்றாவது எரிபொருள் உறைவது. உலகம் முழுக்க ஊற்றுகிற ஜெட் ஏ-1 மைனஸ் 47ல் உறைய ஆரம்பிக்கும், அமெரிக்காவில் ஊற்றுகிற ஜெட் ஏ மைனஸ் 40லேயே. இறக்கைக்குள் இருக்கிற எண்ணெய் மணிக்கணக்கில் குளிர்ந்துகொண்டே வரும். விமானி அதையும் பார்த்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும், ரொம்பக் குளிர்ந்தால் கீழே இறங்கியோ வேகத்தைக் கூட்டியோ சமாளிப்பார்கள்.

நாலாவது ரஷ்யா. 2022 பிப்ரவரிக்குப் பிறகு அந்த வான்வெளி ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்களுக்கு மூடியாகிவிட்டது. பாவம் பின்லாந்தின் ஃபின்ஏர்! ஆசியாவுக்குக் குறுக்கு வழி எங்களிடம்தான் என்று சொல்லியே பிழைத்த நிறுவனம். ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரத்தில் போனவர்கள் இப்போது பதின்மூன்று மணி நேரம் போகிறார்கள். அதில் ஒரு வழி துருவத்தின் மேலேயே போகிறது, பயணிகளுக்குத் துருவம் கடந்ததற்குச் சான்றிதழ் வேறு. மூன்றரை மணி நேரம் கூடுதலாக உட்கார வைத்துவிட்டுச் சான்றிதழ் கொடுக்கிற சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்.

பிப்ரவரி 2

விமானத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டது நினைவுக்கு வந்தது.

இந்த வழியில் ஓடுவது ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர், அதாவது மிக நீண்ட தூரம் பறப்பதற்கென்றே செய்த வகை. 2018 அக்டோபரில் நியூயார்க்குக்குப் பக்கத்திலேயே இருக்கிற நியூவர்க்குக்கு ஆரம்பித்தார்கள், ஜேஎஃப்கேக்கு 2020 நவம்பரில், கொரோனா நடுவிலே. அதற்கு முன்னால் 2004 முதல் 2013 வரை நாலு எஞ்சின் ஏ340-500ஐ வைத்து நியூவர்க்குக்கு ஓட்டினார்கள். எண்ணெய் விலை ஏற ஏற அது தாங்கவில்லை. 2008ல் இருக்கைகளைக் குறைத்து நூறே நூறு பிசினஸ் இருக்கைகளாக மாற்றிப் பார்த்தும் நடக்கவில்லை.

புதியதில் 1,65,000 லிட்டர் கொள்ளளவு. எடை போட்டால் 130 டன்னுக்கு மேல். வண்டி ஆளோடு, எண்ணெயோடு கிளம்பக்கூடிய அதிகபட்ச எடையே 280 டன். ஆக, தொட்டி நிரம்பினால் ஏறக்குறைய பாதி எடை எண்ணெய். முதல் சில மணி நேரம் எரிகிற எண்ணெயில் ஒரு பங்கு, கடைசி சில மணி நேரத்துக்கான எண்ணெயைத் தூக்கிச் சுமக்கத்தான் எரிகிறது. "நில்லாமல் போவது சிக்கனம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நேரத்தில் சிக்கனம், எண்ணெயில் இல்லை.

அதனால்தான் உள்ளே 161 பேர்தான். 67 பிசினஸ், 94 பிரீமியம் எக்கானமி. சாதாரண எக்கானமி கிடையாது. முன்பக்கச் சரக்கு அறையையும் பயன்படுத்துவதில்லை. டிக்கெட் விலை ஏன் நெஞ்சை அடைக்கிறது என்பதற்குப் பதில் இதிலேயே இருக்கிறது.

பிப்ரவரி 3

இருக்கை எது நல்லது என்று கேட்டவருக்கு: பிரீமியத்தில் கடைசி மூன்று வரிசையில் ஜன்னலோரம் ஒற்றை இருக்கைகள் இருக்கின்றன, காலை வைக்கப் பக்கத்தில் ஒரு பெட்டி மாதிரி இடம். கழிவறை பக்கத்தில்தான். இரண்டையும் எடை போட்டு நீங்களே முடிவு செய்யுங்கள். நான் ஒற்றை இருக்கைக் கட்சி.

பிப்ரவரி 20

சேலையூரிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் நியூஜெர்சியில், பிரசவத்துக்குப் போக வேண்டும். மருமகன் சிங்கப்பூர் வழியாக டிக்கெட் போட்டிருக்கிறாராம், பக்கத்து வீட்டுக்காரர் "மேற்கே போக வேண்டியவர் கிழக்கே போகிறீர்களே" என்று சிரித்தாராம்.

அம்மா, சென்னை–நியூயார்க் நேர்க்கோடு 13,500 கிலோமீட்டர் வாக்கில். துபாய் வழியாகப் போனால் 13,950, சுற்று என்றே சொல்ல முடியாது. சிங்கப்பூர் வழி என்றால் 2,900ம் 15,300ம் சேர்ந்து 18,200க்கு மேல். பக்கத்து வீட்டுக்காரர் சிரித்ததில் தப்பில்லை. காற்றில் இருக்கிற நேரம் மட்டும் ஐந்தாறு மணி நேரம் கூடும்.

ஆனால் அவர் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது: நடுவில் காத்திருப்பது எவ்வளவு? துபாயிலோ தோஹாவிலோ ஒன்பது மணி நேரம் உட்கார வேண்டியிருந்தால் கணக்கு திரும்பிவிடும். சாங்கியில் இரண்டு மணி நேரத்தில் அடுத்த வண்டி பிடிக்கிற மாதிரி அமைந்தால் வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் நேரம் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். கிலோமீட்டரை விடுங்கள், 'மொத்தப் பயண நேரம்' என்று டிக்கெட்டில் ஒரு வரி இருக்கும், அதைப் பாருங்கள். முழங்கால் வலி உண்டென்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் நான் சிங்கப்பூர் வழியை வேண்டாம் என்பேன். பதினெட்டு மணி நேரம் ஒரே மூச்சில் உட்காருவது வேறு, நடுவில் எழுந்து நடந்துவிட்டு மறுபடி உட்காருவது வேறு. எந்த வழியானாலும் சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் போடும்போதே மருமகனைக் கேட்கச் சொல்லுங்கள். காலுக்கு இறுக்கமான நீள சாக்ஸ், மருத்துவரைக் கேட்டுவிட்டு.

மார்ச் 10

பயணத்தின் நடுவே விரத நாள் வந்தால் எந்த ஊர் நேரத்தைப் பார்ப்பது என்று சேலையூர் அம்மா கேட்டதை அன்றே எழுத விட்டுப்போயிற்று. இது நல்ல கேள்வி.

சிங்கப்பூரில் ராத்திரி பதினொன்றரைக்குக் கிளம்பி நியூயார்க்கில் மறுநாள் விடிகாலை இறங்குவீர்கள். பதினெட்டரை மணி நேரம் உடம்புக்கு, கடிகாரத்துக்கு ஆறு ஏழு மணி நேரம்தான். திரும்பி வரும்போது தலைகீழ்: செவ்வாய் ராத்திரி பத்தரைக்குக் கிளம்பினால் சாங்கியில் வியாழன் விடிகாலை. புதன்கிழமை முழுக்க ஆகாயத்திலேயே போய்விடும்.

என் கூட ஒரு முறை வந்த ஆச்சி ஏகாதசி விரதம். சாப்பாட்டுத் தட்டு வரும்போதெல்லாம் "வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார். பத்து மணி நேரம் ஆனபின் என்னைக் கேட்டார்: "தம்பி, விடிஞ்சிருச்சா?" ஜன்னல் மறைப்பைத் தூக்கிப் பார்த்தால் பளீரென்று வெயில். சிங்கப்பூர் கணக்கில் துவாதசி காலையே தாண்டிவிட்டது. நியூயார்க்கில் இன்னும் முந்தின நாள் ராத்திரி. பஞ்சாங்கமே ஊருக்கு ஊர் வேறு, வட பசிபிக்குக்கு யார் கணித்தார்கள்? "கிளம்பின ஊர்க் கணக்குதான்" என்று நானாக ஒரு தீர்ப்பு சொன்னேன். ஆச்சி யோசித்துவிட்டு ஒரு வாழைப்பழமும் தயிரும் கேட்டு வாங்கிக்கொண்டார். சாஸ்திரம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள், அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 6

"உலகத்திலேயே நீண்ட நேரம் நில்லாமல் பறப்பது இதுதானே" என்று ஒருவர். இப்போது ஓடுகிறவற்றில் ஆமாம். எப்போதும் என்றால் இல்லை, பதில் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

1943ல் சிங்கப்பூர் ஜப்பான் கையில். ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே வான்வழி அறுந்துவிட்டது. அப்போது ஆஸ்திரேலிய நிறுவனமான குவாண்டஸ், காட்டலினா என்கிற நீர்விமானங்களை வைத்து மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து இலங்கையின் தென்கரையில், காலிக்குப் பக்கத்தில் இருக்கிற கொக்கல ஏரிக்கு நில்லாமல் ஓட்டியது. 5,650 கிலோமீட்டர். எடுத்துக்கொண்ட நேரம் 27லிருந்து 32 மணி நேரம்! ஜப்பானியர் கண்ணில் படாமல் இருக்க வானொலியைத் தொடக் கூடாது, விமானிகள் நட்சத்திரத்தைப் பார்த்து வழி கண்டுபிடித்தார்கள். எண்ணெயின் எடை போக மிஞ்சினது கொஞ்சம் தபாலும் மூன்று பயணிகளும். ஒரே பயணத்தில் இரண்டு முறை சூரியன் உதிப்பதைப் பார்க்கலாம் என்பதால் 'இரட்டை உதயம்' என்று பேர், பயணிகளுக்குச் சான்றிதழும் உண்டு. (ஃபின்ஏருக்கு முன்னோடி!)

ஜூரோங்வாசி, உங்கள் வகுத்தல் கணக்கை இதற்குப் போட்டுப் பாருங்கள். சாங்கி–ஜேஎஃப்கே தூரத்தில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதல், நேரம் ஒன்றரை மடங்கு.

மே 4

ஏப்ரல் 24 முதல் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடிவிட்டது. டெல்லியிலிருந்து அமெரிக்கா போகிற ஏர் இந்தியா விமானங்கள் தெற்கே சுற்றிக்கொண்டு, சிலது வியன்னாவிலோ கோபன்ஹேகனிலோ இறங்கி எண்ணெய் ஊற்றிக்கொண்டு போகின்றன. டெல்லிக்கும் சிகாகோவுக்கும் இடையே உள்ள தூரம் போன மாதம் எவ்வளவோ இந்த மாதமும் அதேதான். நேரம் மட்டும் கூடிவிட்டது. நான் ஜனவரியிலிருந்து கத்திக்கொண்டிருப்பது இதைத்தான்.

இதே ஏர் இந்தியா 2016 அக்டோபரில் நேர்மாறாக ஒன்று செய்தது. டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியை விட்டுப் பசிபிக் வழியாகத் திருப்பியது. 13,900 கிலோமீட்டர் 15,300 ஆனது. நேரமோ பதினான்கரை மணி, முன்பைவிட இரண்டு மணி நேரம் மிச்சம். 1,400 கிலோமீட்டர் கூடச் சுற்றியும் சீக்கிரம் போய்விட்டார்கள்.

ஜூன் 15

ஜூரோங்வாசி மறுபடி வந்திருக்கிறார்: குவாண்டஸ் சிட்னி–லண்டன் ஆரம்பித்தால் சிங்கப்பூரின் முதலிடம் போய்விடுமே, வருத்தமில்லையா என்று.

எனக்கென்ன வருத்தம், பட்டா போட்டு வைத்திருக்கிறேனா? 17,000 கிலோமீட்டர். ஏ350-1000ல் கூடுதலாக ஒரு தொட்டி வைத்து, 2027ல் தொடங்கத் திட்டம். பழைய காட்டலினாவை நினைத்துத்தான் அதற்கு 'சன்ரைஸ்' என்று பேர் வைத்திருக்கிறார்கள். 1989லேயே ஒரு புது 747ஐ லண்டனிலிருந்து சிட்னிக்கு நில்லாமல் கொண்டுபோனார்கள், 20 மணி 9 நிமிடம், ஆனால் அது டிக்கெட் விற்ற பயணம் இல்லை. அதற்கு மேல் நீட்ட அதிகம் இடமும் இல்லை. உருண்டையில் எந்த இரண்டு ஊருக்கும் இடையே 20,000 கிலோமீட்டர்தான் உச்சம்.

இருபது மணி நேரத்துக்கு மேல் உட்காருவீர்களா என்று கேட்டால், அந்த விமானத்தில் நின்று உடம்பை நீட்டி மடக்க ஓர் இடம் விடுகிறார்களாம், அது எவ்வளவு பெரிசு என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதற்குள் நீங்கள் டிசம்பருக்கு நியூயார்க் டிக்கெட் போடுவதாக இருந்தால் இப்போதே போடுங்கள், செப்டம்பரில் விலை வேறு மாதிரி இருக்கும்.